ஒரு செங்கலும் அச்சடித்த காரணமும்

கார் தானாக நகர்ந்தபோது பக்கத்தில் இருந்தவர்கள் மூன்று பேர். மண்டபத்தில் பார்க்கிங் பார்க்கும் மாமா ஒருவர். குழாயடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பெண்கள் இருவர். ஃபிளக்ஸ் பேனரில் எட்டடி உயரத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்த மாப்பிள்ளையையும் கணக்கில் எடுத்தால் நான்கு. இல்லாதவர்கள்: காரின் சொந்தக்காரனாகிய நான், இரண்டாம் பந்தியில் வடைக்காகக் காத்திருந்தேன். என் அம்மா, எனக்கு அடுத்த இலையில். என் அப்பா, காரில் ஏறினால் வயிற்றைப் புரட்டுகிறது என்று வீட்டிலேயே தங்கிவிட்டவர். காரின் முழு இன்ஷூரன்ஸ், அதை நான் எடுக்கவே இல்லை.

யார் இருந்தார்கள், யார் இல்லை என்று முதலில் எழுதிவிடுவது என் வேலையில் வந்த பழக்கம். சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் நான் சேஃப்டி சூப்பர்வைசர். எது நடந்தாலும், விரல் நசுங்கினாலும் சரி, சாக்கு கிழிந்தாலும் சரி, ஒரு ஃபாரம் நிரப்பியாக வேண்டும். நான் சேர்ந்த புதிதில் அந்த ஃபாரம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட வெள்ளைத்தாளாக இருந்தது. ஊருக்கெல்லாம் காலண்டரும் டைரியும் அடித்துக் கொடுக்கிற இடத்தில் இருந்துகொண்டு நம்முடைய ஃபாரம் கையெழுத்தில் இருக்கலாமா என்று எனக்கு ரோஷம் வந்தது. முதலாளியிடம் கேட்டு, சிவகாசியில் ஒரு அச்சகத்தில் கொடுத்து, நூறு தாள் கொண்ட புத்தகங்களாக அடித்து வாங்கினேன். சம்பவம் நடந்த இடம், நேரம், இருந்தவர்கள், இல்லாதவர்கள், காரணம், இனி நடக்காமல் இருக்க எடுத்த நடவடிக்கை என்று கட்டம் கட்டமாக, கம்பெனி முத்திரையோடு.

அடிக்கக் கொடுப்பதற்கு முன்னால் பழைய தாள்களை எல்லாம் எடுத்துப் புரட்டிப் பார்த்தேன். 'காரணம்' என்ற கட்டத்தில் எல்லாவற்றிலும் ஒரே வரிதான் இருந்தது: தொழிலாளியின் கவனக்குறைவு. கூரை ஒழுகி வெடிமருந்து நனைந்ததற்கும் அதே வரிதான். எப்படியும் அதைத்தான் எழுதப்போகிறோம், ஒவ்வொரு தடவையும் கை வலிக்க எழுதுவானேன் என்று அந்த வரியையும் சேர்த்தே அச்சடித்துவிட்டேன். முதலாளி கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "படிச்ச பிள்ளைய வேலைக்கு வச்சா இதுதான் வசதி" என்றார். அதை அன்றைக்கு வீட்டில் இரண்டு தடவை சொன்னேன். மூன்றாவது தடவை தொடங்கும்போது அம்மா அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்துக் காலேஜுக்குப் போன முதல் ஆள் நான். பி.எஸ்சி. வேதியியல். ஆனைக்குட்டத்துக்கு இந்தப் பக்கம் எங்கள் ஊர். காலையில் கம்பெனி வேன் வந்து ஆரன் அடித்தால் தெருவில் பாதி வீடு காலியாகிவிடும். அப்பா மருந்து கலக்கும் ரூமிலும் அம்மா பட்டாசுக்குக் காகிதக் குழாய் சுருட்டும் ஷெட்டிலுமாக இருந்து என்னைப் படிக்க வைத்தார்கள். நான் வேலைக்குப் போய் நாலாவது வருஷம், ஏற்கனவே ஏழு வருஷம் ஓடிய ஒரு வெள்ளைக் காரை வாங்கினேன். எங்கள் தெருவில் ராத்தங்கிய முதல் கார் அது. அம்மா அதைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "மழைக்கு ஒதுங்கலாம்லே" என்றாள். அதற்கு மேல் அவள் எதையும் புகழ்ந்து நான் கேட்டதில்லை.

இனி பார்க்கிங் மாமா. அவர் எனக்குச் சொந்தம் கிடையாது. அம்மாவோடு ஒரே வேனில் இருபது வருஷம் போய்வந்தவர். அம்மா அவரை "அண்ணே" என்பாள், அதனால் நான் மருமகன். கம்பெனியில் அவருக்குத் தள்ளுவண்டி வேலை. ஒரு ஷெட்டில் செய்ததை இன்னொரு ஷெட்டுக்குக் குலுங்காமல் தள்ளிக்கொண்டு போக வேண்டும். அந்த வேலையில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. தண்ணீர் நிறைந்த குடத்தை வண்டியில் வைத்தாலும் தளும்பாது என்பார்கள்.

மாதம் ஒரு நாள் நான் தொழிலாளர்களுக்குப் பாதுகாப்புப் பாடம் எடுப்பேன். பாடம் தொடங்கும்வரை அவருக்கு நான் "மருமகனே". நான் சாக்பீஸைக் கையில் எடுத்ததும் "சார்". பாடம் முடிந்து கையைத் தட்டிக்கொண்டால் மறுபடியும் மருமகன். முன் வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நான் சொல்வதை உதடு அசைத்துத் திருப்பிச் சொல்லிக்கொண்டே இருப்பார்.

வாகனங்களைப் பற்றி என் பாடத்தில் ஐந்து விதிகள் இருந்தன. வண்டியின் முகம் வெளிவாசலைப் பார்த்து நிற்க வேண்டும். சாவி வண்டியை விட்டுத் தூரமாகப் போகக் கூடாது. கியரில் போட்டு நிறுத்தக் கூடாது, நியூட்ரலில் இருக்க வேண்டும். ஹேண்ட் பிரேக்கை இறக்கி வைக்க வேண்டும். இது எதற்கென்றால், எங்காவது தீப்பிடித்தால் இன்ஜினைக் கிளப்பிப் பொறி பறக்கவிடாமல் நாலு பேர் சேர்ந்து வண்டியைத் தள்ளிக்கொண்டே வெளியேறிவிடலாம். ஐந்தாவது விதி: வண்டி போகும் பாதையில் கல், கட்டை, சாக்கு எதுவும் கிடக்கக் கூடாது, கண்டவர் உடனே அகற்ற வேண்டும். 'கண்டவர்' என்ற சொல்லை நானே தேர்ந்தெடுத்துப் போட்டேன். ஒருவர் மேல் பொறுப்பைக் கட்டாமல் எல்லார் மேலும் கட்டுகிறது என்று எனக்கு அதில் பெருமை.

வருஷ முடிவில் பரீட்சை வைத்தோம், வாய்மொழியாகத்தான். ஐந்து விதியையும் மூச்சு விடாமல் சொன்னவர் அவர் ஒருவர்தான். முதலாளி கையால் ஒரு எவர்சில்வர் டிபன் கேரியர் பரிசு கொடுத்தோம்.

அதற்கு அடுத்த வருஷம் கம்பெனி லைசென்ஸ் சில மாதம் நிறுத்தி வைக்கப்பட்டது. எல்லாரும் கிடைத்த வேலைக்குப் போனோம். அவருக்குச் சிவகாசியில் ஒரு கல்யாண மண்டபத்தில் பார்க்கிங் பார்க்கும் வேலை கிடைத்தது. மண்டபத்துக்குப் பின்னால் தங்க ஒரு ரூமும் கொடுத்தார்கள். மனைவியையும் பிளஸ் டூ படிக்கும் மகளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். கம்பெனி திரும்பத் திறந்தபோது வரவில்லை. "இங்கன எதுவும் வெடிக்காது மருமகனே. மேளம் ஒண்ணுதான் சத்தம்" என்றார்.

எங்கள் போர்மேன் வீட்டுக் கல்யாணம் அந்த மண்டபத்தில் நடந்தது. கம்பெனியில் எல்லாருக்கும் பத்திரிகை. வேன்களில் எல்லாரும் வந்து இறங்க, நான் காரில் அம்மாவோடு வந்து இறங்கினேன். இதை எழுதும்போதுகூட என் முதுகு கொஞ்சம் நிமிர்கிறது, என்ன செய்ய.

அந்த மண்டபம் பழைய கண்மாய்க் கரையை ஒட்டிக் கட்டியது. ரோட்டுப் பக்க வாசல் மேட்டில், சமையல் கூடம் பள்ளத்தில், நடுவில் சரிவாக வண்டி நிறுத்தும் இடம். பார்க்கிங் மாமா விசிலோடு நின்றார். என்னைப் பார்த்ததும் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

"வாங்க மருமகனே. வா தங்கச்சி. புது வண்டியா?"

"எங்களுக்குப் புதுசு" என்றாள் அம்மா.

"மூஞ்சி வாசலப் பாத்து நிக்கட்டும். சாவியக் குடுத்துட்டுப் போங்க. முகூர்த்த நாளு, டிரைவர் யாரையாச்சும் வச்சு முன்ன பின்ன எடுக்க வேண்டி வரும்."

அவர் சொன்னபடியே காரின் முகத்தை மேட்டைப் பார்த்து நிறுத்தினேன். கியரில் போட்டேன். ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். சரிவில் யாராயிருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். என் பாடம் சமதரையில் எழுதப்பட்டது. எங்கள் கம்பெனி இருப்பது கரிசல் காடு, கோலிக்குண்டை வைத்தால் வைத்த இடத்தில் நிற்கும். சரிவு என்ற சொல்லே என் ஐந்து விதியில் எங்கும் வராது. அது அப்போது எனக்குத் தோன்றவில்லை. சாவியை அவரிடம் கொடுத்தேன். வாசலில் ஒரு பலகையில் ஆணி அடித்து வரிசையாகச் சாவிகளை மாட்டி வைத்திருந்தார். நான் திரும்பி நடந்ததும் அவர் ஒரு செங்கலை எடுத்துவந்து என் காரின் பின் டயருக்குக் கீழே வைத்திருக்கிறார். அந்த மண்டபத்தில் எல்லா வண்டிக்கும் அவர் அப்படி வைப்பார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவராகவே யோசித்துச் செய்தது.

தாலி கட்டி முடிந்த பிறகுதான் அம்மாவுக்குப் பரிசுப்பொருள் ஞாபகம் வந்தது. குக்கர், டிக்கியில் இருந்தது. வாசலில் மாமா வேறு ஒரு காருக்கு விசில் ஊதிக்கொண்டிருந்தார். நானே ஆணியிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டேன். அம்மாவும் கூட வந்தாள். டிக்கியைத் திறந்து பெட்டியை எடுத்துக் கீழே வைத்தபோது டயருக்குப் பக்கத்தில் அந்தச் செங்கல் கண்ணில் பட்டது.

வண்டி போகும் பாதையில் ஒரு கல். கண்டவர் நான். குனிந்து எடுத்தேன். காலால் எத்திவிடவில்லை, முறையாகக் கையால் எடுத்து, மதில் ஓரம் இருந்த குரோட்டன்ஸ் தொட்டிக்குப் பக்கத்தில் நேராக வைத்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டேன்.

"அது எதுக்காச்சும் வச்சிருப்பாகலே" என்றாள் அம்மா.

"எதுக்குமா வைப்பாங்க? எவனோ போட்டுட்டுப் போயிருக்கான். இந்த மாதிரி விஷயத்துலதான் விபத்தே ஆரம்பிக்குது."

அம்மா குக்கரைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். நான் சாவியைத் திரும்ப ஆணியில் மாட்டிவிட்டுப் பின்னால் போனேன்.

அதற்கப்புறம் நடந்ததை மாமா எல்லார் முன்னாலும் சொன்னபடி எழுதுகிறேன். கூட்டம் சாப்பிடப் போனதும் அவர் வரிசையாக வண்டிகளைப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார். என் கார் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தால் ஹேண்ட் பிரேக் மேலே நிற்கிறது, கியரும் விழுந்திருக்கிறது. அவருக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கிறது. மற்ற காரெல்லாம் அப்படித்தான் நின்றன, அவர்களுக்குப் பாடம் எடுக்க ஆளில்லை. ஆனால் பாடம் எடுத்தவர் காரே இப்படி நிற்கலாமா? கம்பெனி ஆட்கள் நூறு பேர் வந்திருக்கும் இடத்தில் யாராவது பார்த்தால் சாருக்குக் கேவலம் இல்லையா? கல்யாண அவசரத்தில் சார் மறந்திருப்பார் என்று சாவியை எடுத்துவந்து, கதவைத் திறந்து, கியரை எடுத்து, ஹேண்ட் பிரேக்கை இறக்கி, என் மானத்தைக் காப்பாற்றிக் கதவைச் சாத்தியிருக்கிறார். பின் டயருக்குச் செங்கல் வைத்திருக்கிறோம் என்ற தைரியம் வேறு.

கார் அவசரப்படவில்லை என்று குழாயடிப் பெண்கள் சொன்னார்கள். பின்பக்கமாக, யோசித்து யோசித்துத்தான் இறங்கியிருக்கிறது. மாமா முன் பம்பரைப் பிடித்து இழுத்துக்கொண்டே கூடவே ஓடியிருக்கிறார். வாழ்நாள் முழுக்க வண்டி தள்ளியவர், ஒரு வண்டியை நிறுத்திப் பழக்கம் இல்லை. கார் முதலில் ஃபிளக்ஸ் பேனருக்குள் புகுந்தது, சரியாக மாப்பிள்ளையின் மூக்கு வழியாக. பிறகு குழாயடித் தொட்டியின் மூலையில் போய் உட்கார்ந்தது. பின் கண்ணாடி கொட்டியது. டிக்கிக் கதவு உள்ளே மடிந்தது.

இலையில் வடை விழுந்த நேரம் யாரோ வந்து என் தோளைத் தொட்டார்கள்.

நான் போய்ச் சேரும்போது கம்பெனி ஆட்கள் பாதிப்பேர் கையைக் கூடக் கழுவாமல் காரைச் சுற்றி நின்றார்கள். அத்தனை பேரும் என்னிடம் பாடம் கேட்டவர்கள். ஒருவர் உள்ளே தலையை நீட்டிப் பார்த்துவிட்டு அறிவித்தார்: "நியூட்ரல்லதான் இருக்கு. ஹேண்ட் பிரேக்கும் எறக்கித்தான் இருக்கு. எல்லாம் கரெக்ட்டு."

"மூஞ்சியும் வாசலப் பாத்துத்தான் நின்னுருக்கு" என்றார் இன்னொருவர்.

"சாவி?"

"அண்ணன் கையில இருக்கு."

"அப்ப அஞ்சும் சரியாத்தான இருக்கு. பெறகு எப்படி சார் போச்சு?" என்று என்னைக் கேட்டார்கள். கிண்டல் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மண்டபத்து மேனேஜர் வந்தார். வெள்ளைச் சட்டைப் பையில் மூன்று பேனா வைத்திருந்தார். இந்தப் பக்கம் எல்லாரும் அவரை அண்ணாச்சி என்பார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் காரைப் பார்ப்பதற்கு முன்னால் ஃபிளக்ஸைப் பார்த்தார். மாப்பிள்ளை வீட்டார் பார்ப்பதற்குள் அதைச் சுருட்டச் சொல்லிவிட்டு மாமாவிடம் திரும்பினார்.

"ஓட்டத் தெரியாத ஆளு வண்டிக்குள்ள எதுக்குய்யா கையவிட்ட?"

"பாடத்துல அப்படித்தான் அண்ணாச்சி. தீப்பிடிச்சா தள்ளணும்ல."

"இங்க எங்கய்யா தீப்பிடிச்சது?"

"பிடிச்சபெறகு எறக்க முடியாதுல்ல. செங்கல் வச்சிருந்தேன் அண்ணாச்சி. பின் டயருக்குக் கீள. என் கையால வச்சேன்."

"எங்க செங்கல்?"

எல்லாரும் தேடினார்கள். குரோட்டன்ஸ் தொட்டிக்குப் பக்கத்தில், பூஜைக்கு வைத்ததுபோல் நேராக இருந்தது.

"டயருக்குக் கீழ வச்ச செங்கல் நடந்தா போச்சு, தொட்டி ஓரமா?" என்றார் அண்ணாச்சி. கூட்டத்தில் சிரித்தார்கள்.

மாமா செங்கலைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். "வச்சேன் அண்ணாச்சி" என்று மறுபடியும் சொன்னார். குரல் முன்னைவிடக் கம்மியாக இருந்தது. வைத்தோமா இல்லையா என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. அவர் வைத்தார் என்று அந்தக் கூட்டத்தில் தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி என் பக்கத்தில் சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு நின்றாள். இன்னொருவன் நான்.

அண்ணாச்சி என்னைத் தனியாக ஆபீஸ் ரூமுக்குக் கூட்டிப்போனார். அம்மாவும் வந்தாள். மாமா வாசற்படிக்கு வெளியே விசிலைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றார்.

"தம்பி, நீங்க போர்மேன் வீட்டு விருந்தாளி, உங்களுக்கு நஷ்டம் வரவிட மாட்டோம். வண்டிய மண்டபம் செலவுல சரிபண்ணித் தாரேன். எங்க முதலாளிகிட்டக் காட்டுறதுக்கு ஒரு வரி மட்டும் எழுதிக் குடுங்க. பார்க்கிங் ஆளோட கவனக்குறைவுன்னு. அவர இன்னைக்கே அனுப்பிடுறேன், ரூமையும் காலிபண்ணச் சொல்லிடுறேன். உங்களுக்கும் திருப்தியா இருக்கும்."

"அடுத்த மாசம் பிள்ளைக்குப் பரீச்ச அண்ணாச்சி" என்று வெளியிலிருந்து குரல் வந்தது.

"உன்ன யாரும் கேக்கல" என்றார் அண்ணாச்சி. பிறகு என்னிடம், "பேப்பர் இருக்கா, தரவா?"

இந்த இடத்தில் என்னால் இப்போதும் என்னை மன்னிக்க முடியவில்லை. "எங்கிட்ட ஃபாரமே இருக்கு அண்ணாச்சி" என்று சொன்னேன். காரின் முன் டிராயரில் எப்போதும் ஒரு புத்தகம் வைத்திருப்பேன். ஓடிப்போய் எடுத்துவந்தேன். உடைந்த கண்ணாடியைத் தாண்டித்தான் போனேன், ஆனாலும் ஓடித்தான் போனேன்.

அண்ணாச்சி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஃபாரத்தைப் படித்தார். அவர் முகத்தில் மரியாதை வந்தது.

"அடேயப்பா. காரணத்த அச்சடிச்சே வச்சிருக்கீகளா. நீங்க எழுதவே வேண்டாமே. கையெழுத்துப் போட்டாப் போதும்."

உண்மை. இடம், நேரம், ஒரு கையெழுத்து. இவ்வளவு சுலபமாக ஒரு ஆளை அனுப்பிவைக்க நான்தான் வசதி செய்து வைத்திருந்தேன். இடம் எழுதினேன். நேரம் எழுதினேன். இருந்தவர்கள், இல்லாதவர்கள் எழுதினேன். அண்ணாச்சி தன் மூன்று பேனாக்களில் ஒன்றை, தேவையில்லாமல், திறந்து நீட்டினார்.

அம்மா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"அதுல செங்கலுக்கு எடம் இருக்காலே?"

"இல்லம்மா."

"பெறகு எதுக்கு அம்புட்டுக் கட்டம்?"

அவள் இடது கையை மேஜை மேல் ஊன்றியிருந்தாள். அந்தக் கையில் இரண்டு விரல் மட்டும் தோல் மினுமினுவென்று இருக்கும். நான் ஏழாவது படிக்கும்போது பட்ட காயம். அன்றைக்கும் இதே மாதிரி ஒரு தாள் வீட்டுக்கு வந்தது. கையெழுத்துத் தாள்தான், ஃபாரம் கண்டுபிடிக்க நான் இன்னும் வேலைக்குப் போகவில்லை. வீட்டில் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் என்னைப் படிக்கச் சொன்னார்கள். 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று தட்டுத்தடங்கல் இல்லாமல் படித்தேன். அவ்வளவு நீளமான சொல்லைத் திக்காமல் படித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே சந்தோஷம். அம்மா, "நல்லாப் படிக்கியே" என்று சொல்லிவிட்டு அதில் கைநாட்டு வைத்தாள். பெருவிரல் நன்றாகத்தான் இருந்தது.

அதை அந்த ஆபீஸ் ரூமில் அவள் ஞாபகப்படுத்தவில்லை. "வடை ஆறிப்போகும், சீக்கிரம் எழுது" என்றுதான் சொன்னாள்.

அச்சடித்த வரியின் மேல் ஒரு கோடு போட்டேன். நல்ல பேப்பர், நல்ல அச்சு. ஒரு கோட்டில் மறையவில்லை, மூன்று கோடு போட வேண்டியிருந்தது. அதற்குக் கீழே இடமே இல்லாததால் ஓரத்தில் நெருக்கி எழுதினேன்: 'பார்க்கிங் பணியாளர் பின் டயருக்குச் செங்கல் வைத்திருந்தார். அதை எடுத்தவன் நான். எடுத்ததை அவரிடம் சொல்லவில்லை. அவர் பிரேக்கை இறக்கியது நான் நடத்திய பாடத்தின்படி. பாடத்தில் சரிவு பற்றி இல்லை.' கையெழுத்துப் போட்டு, பதவியும் எழுதினேன். பதவியை எழுதும்போதுதான் காது சுட்டது.

அண்ணாச்சி இரண்டு தடவை படித்தார்.

"தம்பி, இப்படி எழுதினா மண்டபம் எதுக்குக் காசு குடுக்கணும்?"

"குடுக்க வேண்டாம் அண்ணாச்சி."

"அவர எதச் சொல்லி அனுப்புறது?"

"அனுப்ப வேண்டாம் அண்ணாச்சி."

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னை வெறும் கண்ணால் ஒருமுறை பார்த்தார். பிறகு மனிதர் வியாபாரத்துக்குத் திரும்பினார். "அப்ப அந்த ஃபிளக்ஸ்? தொட்டி மூலை? அது உங்க கணக்குலதான வரும்?"

"என் கணக்குலதான் அண்ணாச்சி."

"சரி. அப்ப அவரு இருக்கட்டும்" என்றார், ஏதோ நான் அவருக்குச் சம்பளம் கொடுப்பதாக ஒத்துக்கொண்டதுபோல. ஃபாரத்தை மடித்துப் பேனாக்களுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். பிறகு ஏதோ தோன்றி, "எழுதாத ஃபாரம் ஒரு பத்துத் தாள் குடுத்துட்டுப் போங்க தம்பி, அச்சு நல்லா இருக்கு" என்றார். இல்லை என்று சொல்லிவிட்டேன். அன்று நான் செய்த துணிச்சலான காரியம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

வெளியே மாமா அப்படியே நின்றார். நாங்கள் பேசியது முழுவதும் அவர் காதில் விழுந்திருக்கிறது.

"செங்கல நீங்களா எடுத்தீக?"

"ஆமா மாமா. அஞ்சாவது விதி."

நன்றி சொல்வார் என்று எனக்குள் ஒரு எதிர்பார்ப்பு இருந்ததை மறைக்க விரும்பவில்லை. அவர் சொன்னது இதுதான்: "கூட்டத்துல அம்புட்டுப் பேரு சிரிக்கும்போது ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல சார். நானே வைக்கலையோன்னு நெனைக்க ஆரம்பிச்சிட்டேன்."

பாடம் எதுவும் நடக்கவில்லை, என் கையில் சாக்பீஸ் இல்லை. ஆனாலும் சார் என்றார். அம்மா இடையில் புகுந்து, "அதுக்கு அவன் படிச்ச படிப்பு தடுத்திருக்கும்ணே, விடு. இலையில வடை இருக்கு, வா" என்று அவரையும் பந்திக்குக் கூட்டிப்போனாள். என் இலையை ஏற்கனவே எடுத்துவிட்டிருந்தார்கள்.

கம்பெனியில் அடுத்த மாதப் பாடத்தில் சரிவைச் சேர்த்தேன். கூடவே, ஒருவர் வைத்ததை எடுத்தால் வைத்தவரிடம் சொல்லிவிட்டு எடுக்க வேண்டும் என்று ஆறாவது விதியும் சேர்த்தேன். அது எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை, எல்லாருக்கும் தெரியும். முன் வரிசையில் ஒருவர் மட்டும், "செங்கலுக்கு மட்டுமா சார், எல்லாத்துக்குமா?" என்று கேட்டார். பின் வரிசையில் இருமினார்கள்.

காரணக் கட்டத்தைக் காலியாக விட்டு ஃபாரத்தைப் புதிதாக அடிக்கலாம் என்று முதலாளியிடம் கேட்டேன். மாதிரியை வாங்கிப் பார்த்தவர், "எதுக்கு இம்புட்டு எடம் சும்மா கெடக்கு?" என்றார். எழுதுவதற்கு என்றேன். பழைய புத்தகம் இன்னும் மூன்று இருக்கிறது, தீரட்டும், பிறகு பார்க்கலாம் என்றார். அதனால் இப்போது ஓய்வு நேரத்தில் ஸ்கேலை வைத்து ஒவ்வொரு தாளிலும் அந்த வரியைக் கோடு போட்டு மறைத்துக்கொண்டிருக்கிறேன். பாதிப் புத்தகம் முடிந்திருக்கிறது. ஒரு தாளுக்கு மூன்று கோடு.

மாமா இன்னும் அதே மண்டபத்தில்தான் இருக்கிறார். மகள் பரீட்சை எழுதிவிட்டாள். இப்போது அவர் செங்கல் வைத்தால் அதன் மேல் சுண்ணாம்பால் 'எடுக்காதே' என்று எழுதியிருக்கிறது. எழுதிக் கொடுத்தது மகள். எங்கள் கார் எந்தக் கல்யாணத்துக்குப் போய் எந்த வாசலில் நின்றாலும் அம்மா முதலில் இறங்கிப் பின் டயரைக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருகிறாள்.

விருதுநகரில் ஒரு பட்டறையில் வேலை முடிய ஒன்பது நாள் ஆனது. டிக்கிக் கதவு, பின் கண்ணாடி, ஒரு விளக்கு, டிங்கரிங், பெயிண்ட், குழாயடித் தொட்டியின் மூலை, எட்டடி ஃபிளக்ஸ் ஒன்று, எல்லாம் சேர்த்து எங்கள் வீட்டுக்கு ஆன செலவு பதினெட்டாயிரத்து எழுநூற்று ஐம்பது ரூபாய், மாப்பிள்ளையின் மூக்கு உட்பட.